கைமாறாத 30 இலட்சம் வாக்குகள்: இலங்கை 2024, இரண்டாவது எண்ணிக்கை

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முடிவுகள் முதல் நாள் இரவிலிருந்து மாவட்டம் மாவட்டமாக வந்துகொண்டிருந்தன. இரவு போட்ட ஊரடங்கு நண்பகல் வரை நீண்டிருந்தது. மற்றத் தேர்தல்களில் இந்த நேரத்துக்கெல்லாம் வென்றவர் யார் என்று தெரிந்து, ஆதரவாளர்கள் பாற்சோறு கிண்டத் தொடங்கியிருப்பார்கள். இந்த முறை தேர்தல்கள் ஆணைக்குழு சொன்னது வேறு. எந்த வேட்பாளருக்கும் பாதிக்கு மேல் வாக்குகள் கிடைக்கவில்லை, ஆகவே விருப்பு வாக்குகள் எண்ணப்படும் என்றார்கள்.

1978 அரசியலமைப்பில் எழுதிவைத்த ஓர் ஏற்பாடு, முதல் தடவையாகப் பெட்டியைத் திறந்து வெளியே வந்தது அன்றுதான். 1982 முதல் 2019 வரை நடந்த 8 ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே யாரோ ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். ஒன்பதாவதில்தான் அது நடக்கவில்லை.

அனுர குமார திசாநாயக்க வென்றார். அது உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. நான் இங்கே பேச வந்தது அந்த இரண்டாவது எண்ணிக்கையில் எண்ணப்படாமலே போன சீட்டுகளைப் பற்றி. வாக்காளரின் கையில் சட்டம் கொடுத்திருந்த ஒரு கருவியை, அது உண்மையில் தேவைப்பட்ட ஒரே நாளில், மிகச் சிலரே பயன்படுத்தினார்கள். ஏன் அப்படி ஆனது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்தக் கருவி மற்ற யாரையும்விடச் சிறுபான்மை வாக்காளருக்குத்தான் அதிகம் உதவக்கூடியது.

முறை எப்படி வேலை செய்கிறது

வாக்காளர் தான் விரும்பும் ஒருவருக்கு நேரே புள்ளடி போடலாம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: புள்ளடி என்றால் பெருக்கல் குறி.) அல்லது 1 என்று எழுதலாம். மூன்று பேருக்கு மேல் போட்டியிட்டால், 1 எழுதியவர் விரும்பினால் இன்னொருவருக்கு 2, வேறொருவருக்கு 3 என்றும் எழுதலாம். கட்டாயம் இல்லை. ஒரே ஒரு புள்ளடியோடு நிறுத்தினாலும் அது முழுமையான, செல்லுபடியான வாக்கு.

முதல் எண்ணிக்கையில் யாராவது பாதியைத் தாண்டினால் கதை முடிந்தது. தாண்டாவிட்டால், முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே வீச்சில் வெளியேறுவார்கள். வெளியேறியவர்களின் சீட்டுகளை எடுத்து, அவற்றில் 2 என்ற எண் மிஞ்சியிருக்கும் இருவரில் யாருக்காவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அது அவர் கணக்கில் சேரும். 2 வேறு யாருக்கோ போயிருந்தால் 3 ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் சீட்டு ஓரமாகப் போய்விடும். கடைசியில் இருவரில் யாருக்கு அதிகமோ அவர் ஜனாதிபதி.

பிரான்சில் இதே வேலையைச் செய்ய இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். இலங்கை முறையில் அந்த இரண்டாம் சுற்று, முதல் சுற்றுச் சீட்டுக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. செலவு மிச்சம், இரண்டு வாரப் பதற்றமும் மிச்சம். ஆனால் இதில் ஒரு சிக்கலும் கூடவே மடிந்து இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்கள்

பதிவு செய்யப்பட்ட வாக்காளர்கள் 17,140,354. வாக்களித்தவர்கள் 79.46 சதவீதம். செல்லுபடியான வாக்குகள் 13,319,616. களத்தில் இருந்தவர்கள் 38 பேர்.

திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற அனுரவுக்கு 5,634,915 (42.31 சதவீதம்). தொலைபேசிச் சின்னத்தில் சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035 (32.76). சுயேச்சையாக எரிவாயு சிலிண்டரில் நின்ற, அப்போது பதவியில் இருந்த ரணில் விக்ரமசிங்கவுக்கு 2,299,767 (17.27). பொதுஜன பெரமுனவின் நாமல் ராஜபக்சவுக்கு 342,781. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற முன்னாள் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரனுக்கு 226,343.

அனுரவையும் சஜித்தையும் தவிர்த்தால், மற்ற 36 பேரின் சீட்டுகள் மொத்தம் 3,321,666. இவைதான் இரண்டாவது எண்ணிக்கைக்கு எடுக்கப்பட்டவை. இவற்றிலிருந்து அனுரவுக்குச் சேர்ந்தது 105,264. சஜித்துக்குச் சேர்ந்தது 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131.

அதாவது 33 இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகளில் கைமாறியது 8.2 சதவீதம்தான். 3,048,535 சீட்டுகள் யாருக்கும் போகவில்லை. அவற்றில் சிலர் 2, 3 என்று எழுதித்தான் இருந்திருப்பார்கள், ஆனால் அந்த எண்கள் ஏற்கெனவே வெளியேறிய வேட்பாளருக்குப் போயிருக்கும். அதையும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. எப்படிப் பார்த்தாலும், செல்லுபடியான மொத்த வாக்குகளில் கிட்டத்தட்ட 23 சதவீதம் இறுதித் தீர்ப்பில் பங்கெடுக்கவில்லை.

இறுதிக் கணக்கு: அனுர 5,740,179, சஜித் 4,530,902. இந்த இருவருக்கும் சேர்ந்த வாக்குகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அனுரவுக்கு 55.89 சதவீதம். செல்லுபடியான எல்லா வாக்குகளையும் வைத்துப் பார்த்தால் 43.1 சதவீதம். சட்டப்படி இது முழுமையான வெற்றி, இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் இந்த முறையை வகுத்ததே நாட்டின் பாதிப் பேராவது ஏற்றுக்கொண்ட ஒருவர் அந்தப் பதவியில் இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த நோக்கம் அன்று நிறைவேறவில்லை.

இன்னொரு கூட்டலையும் செய்து பார்த்தேன். சஜித்தும் ரணிலும் ஒரே ஐக்கிய தேசியக் கட்சியில் வளர்ந்தவர்கள். 2020 இல் சஜித் பிரிந்துபோய் ஐக்கிய மக்கள் சக்தியை உண்டாக்கினார். இருவரின் வாக்குகளையும் சேர்த்தால் 6,662,802. செல்லுபடியான வாக்குகளில் சரிபாதி 6,659,808. பாதியைவிட 2,994 அதிகம்! தேர்தலுக்கு முன்னால் இருவரும் ஒன்று சேர வேண்டும் என்று குரல்கள் எழுந்தன, நடக்கவில்லை. தலைவர்கள் சேராவிட்டாலும் வாக்காளர்கள் சீட்டில் சேர்ந்துகொள்ள வழி இருந்தது. ரணிலுக்கு 1, சஜித்துக்கு 2 என்று எழுதினால் போதும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுதவில்லை.

எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்குமா? கைமாறிய வாக்குகளில் சஜித்துக்குப் போனது 61.5 சதவீதம். மீதி 30 இலட்சம் சீட்டுகளும் இதே விகிதத்தில் பிரிந்திருந்தால் அனுரவுக்குச் சுமார் 69 இலட்சம், சஜித்துக்குச் சுமார் 64 இலட்சம். அப்போதும் அனுரதான் ஜனாதிபதி, அதுவும் செல்லுபடியான வாக்குகளில் 51.9 சதவீதத்தோடு. சஜித் வெல்ல வேண்டுமென்றால் அந்தச் சீட்டுகளில் 69 சதவீதத்துக்கு மேல் அவருக்கு வந்திருக்க வேண்டும். எண் எழுதியவர்களின் மனநிலையும் எழுதாதவர்களின் மனநிலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அதனால் இதை ஒரு மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் முக்கியமானது வேறு: இரண்டாம் விருப்பத்தைச் சொல்லாததால் அதிகம் இழந்தவர் தோற்றவர் மட்டும் அல்லர். வென்றவரும் தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய தெளிவான பெரும்பான்மையை இழந்தார்.

ஏன் எழுதவில்லை

பழக்கம் முதல் காரணம். 42 ஆண்டுகளில் தேவைப்படாத ஒன்றை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அருகில் வந்துபோன தேர்தல்கள் உண்டு. 1988 இல் ரணசிங்க பிரேமதாச பெற்றது 50.43 சதவீதம், பாதியைவிட 21,810 வாக்குகள்தான் அதிகம். 2005 இல் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதம் பெற்றார், பாதியைத் தாண்டியது சுமார் 28,600 வாக்குகளால். அந்தத் தேர்தலில் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம் மட்டுமே. அங்கே மக்கள் வழமைபோல் வாக்களித்திருந்தால் இரண்டாவது எண்ணிக்கை அப்போதே வந்திருக்கலாம், முடிவே மாறியுமிருக்கலாம். ஆனால் மயிரிழையில் தப்பியது யாருக்கும் பாடமாகவில்லை. முதல் எண்ணிக்கையிலேயே முடிந்துவிட்டது என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

இரண்டாவது காரணம் சொல்லில் இருக்கிறது. இது அதிகம் பேசப்படாதது, எனக்கு முக்கியமாகப் படுவது. இலங்கையில் "விருப்பு வாக்கு" என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பாராளுமன்றத் தேர்தல். சிங்களத்தில் மனாபே என்பார்கள். அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டபின், அதே கட்சிப் பட்டியலில் உள்ள மூன்று பேர் வரை அவர்களுடைய இலக்கங்களின் மேல் புள்ளடி போடுவார்கள். அந்த மூன்று விருப்பு வாக்குகளுக்கும் ஒரே மதிப்பு. ஒரே கட்சிக்குள் வேட்பாளர்கள் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்வதும் அந்த விருப்பு வாக்குக்காகத்தான். ஜனாதிபதித் தேர்தலின் விருப்பு வாக்கோ வரிசை எண். முதலாமவர் வெளியேறினால் மட்டும் உயிர்பெறும் மாற்று வாக்கு. இரண்டுக்கும் பெயர் ஒன்று, வேலை வேறு. ஒன்றில் புள்ளடி, மற்றதில் எண். போதாததற்கு உள்ளூராட்சித் தேர்தலுக்கு மூன்றாவதாக இன்னொரு முறை. ஒரே நாட்டு வாக்காளர் மூன்று விதமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே "எண் எழுதப்போய் வாக்கு பழுதாகிவிடுமோ" என்ற பயம் நியாயமானது. 2019 இல் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 135,452. 2024 செப்டம்பரில் அது 300,300 ஆனது, இரண்டு மடங்குக்கும் மேல். வாக்குச் சீட்டு இரண்டடியைத் தாண்டிய நீளம். அதை விரித்து, தெரிந்த சின்னத்தைத் தேடிப் பிடித்து, புள்ளடியைப் போட்டுவிட்டு வெளியே வந்தால் போதும் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆணைக்குழு தன் பங்குக்கு எப்படி அடையாளமிடுவது என்று விளக்கம் வெளியிட்டது. ஆனால் இலங்கையிலும் சரி, வேறெங்கும் சரி, வாக்காளர்கள் சீட்டை நிரப்பக் கற்பது கட்சிக்காரர்களிடம்தான். வீட்டுக்கு வந்து மாதிரிச் சீட்டைக் காட்டி, இந்த இடத்தில் இப்படிப் போடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பவர் அவர்தான்.

மூன்றாவது காரணம் அங்கேதான் வருகிறது. "எங்களுக்கு 1, அவருக்கு 2" என்று சொல்வது, தாங்கள் முதல் இருவரில் வரமாட்டோம் என்று தாங்களே ஒப்புக்கொள்வதுபோல ஆகிவிடும். பதவியில் இருக்கும் ஜனாதிபதி அதைச் சொல்வாரா? மும்முனைப் போட்டி என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த தேர்தலில், மூன்றாவது நான்தான் என்று யார் முன்வருவார்?

முன்பு சொன்ன மடிப்புச் சிக்கலும் இதுதான். பிரான்சில் இரண்டாம் சுற்றுக்கு வருபவருக்கு மிஞ்சியது யார் யார் என்று தெரியும். 2002 இல் அப்போதைய ஜனாதிபதி சிராக்கும் தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென்னும் மட்டும் மிஞ்சியபோது, சிராக்கைப் பிடிக்காதவர்கள்கூடத் திரண்டு போய் அவருக்குப் போட்டார்கள். முதல் சுற்றில் 20 சதவீதத்தைத் தொடாதவர் இரண்டாம் சுற்றில் 82 சதவீதத்தில் நின்றார். இலங்கை வாக்காளரோ சாவடிக்குள் நிற்கும்போதே, கடைசியில் மிஞ்சப்போகும் இருவர் யார் என்று ஊகிக்க வேண்டும். ரணில் முதல் இருவரில் வருவார் என்று நம்பிய ரணில் ஆதரவாளருக்கு 2 எழுத ஒரு காரணமும் இல்லை. அவர் கணக்கில் அந்த 2 ஐ யாரும் திறந்தே பார்க்கப்போவதில்லை. அவர் பிழையாக யோசிக்கவில்லை. அவரிடம் இருந்த தகவல் அவ்வளவுதான்.

இதே முறை வேலை செய்த ஓர் இடம்

அப்படியென்றால் மனிதர்கள் இயல்பாகவே இரண்டாம் விருப்பத்தை எழுதமாட்டார்களா? எழுதுவார்கள். 1990 நவம்பர் 7 இல் அயர்லாந்தில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. மூன்று பேர் நின்றார்கள். பியனா ஃபாயில் கட்சியின் பிரையன் லெனிஹன் 694,484 வாக்குகளோடு முதலிடம். தொழிற்கட்சி ஆதரவோடு நின்ற மேரி ராபின்சன் 612,265. ஃபின கேல் கட்சியின் ஆஸ்டின் கரி 267,902 வாக்குகளோடு மூன்றாமிடம். 44, 39, 17 என்று சதவீதங்கள். 2024 இலங்கையின் முதல் மூவருக்குக் கிடைத்த 42, 33, 17 க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

கரி வெளியேறினார். அவருடைய சீட்டுகளில் 205,565 ராபின்சனுக்கும் 36,789 லெனிஹனுக்கும் போயின. கைமாறாமல் நின்றவை 25,548 மட்டுமே. பத்தில் ஒன்பது பேர் 2 எழுதியிருந்தார்கள். இரண்டாமிடத்தில் இருந்த ராபின்சன் 817,830 வாக்குகளோடு அயர்லாந்தின் முதல் பெண் ஜனாதிபதி ஆனார்.

இரண்டு வித்தியாசங்கள். அயர்லாந்து வாக்காளர் பாராளுமன்றத்துக்கும் 1, 2, 3 என்று எண் எழுதித்தான் வாக்களிக்கிறார், 1920 களிலிருந்தே அது பழகிய கை. அடுத்தது, ஃபின கேலும் தொழிற்கட்சியும் பிரசாரத்தின்போதே இரண்டாம் விருப்பத்தைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டு அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். கட்சி சொன்னது, வாக்காளர் கேட்டார். அங்கே 90 சதவீதம், இங்கே 8 சதவீதம். இந்த இடைவெளியை வாக்காளரின் படிப்பறிவின் மேல் போட்டுவிட முடியாது. எழுத்தறிவில் இலங்கை பின்தங்கிய நாடு அல்ல.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அயர்லாந்தில் மூவர், இலங்கையில் 38 பேர். மூவரில் ஒருவர் வெளியேறினால் அவருடைய வாக்காளர் எழுதிய 2 கட்டாயம் மிஞ்சிய இருவரில் ஒருவருக்குத்தான் போகும். 38 பேரில் அப்படி இல்லை. ஆனாலும் 2024 இல் உண்மையாகப் போட்டியில் இருந்தவர்கள் மூன்று பேர்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சங்கும் தொலைபேசியும்

எனக்கு அதிகம் வலித்தது வடக்கின் கணக்கு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688, ரணில் 84,558, அனுர 27,086. தமிழரசுக் கட்சி உத்தியோகபூர்வமாகச் சஜித்தை ஆதரித்தது. அதே கட்சியைச் சேர்ந்த அரியநேத்திரனை வேறு தமிழ்க் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் நிறுத்தின. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி புறக்கணிக்கச் சொன்னது. வாரக்கணக்கில் நடந்த விவாதம் ஒன்றுதான்: சங்குக்குப் போட்டால் வாக்கு வீண், வாக்கைப் பிரிக்காதீர்கள் என்று ஒரு பக்கம். எங்கள் கோரிக்கையை உலகுக்குக் காட்ட இதுதான் வழி என்று மறுபக்கம்.

இந்த முறையில் அந்த விவாதமே தேவையில்லை! சங்குக்கு 1 எழுதி, கொழும்பில் யார் ஆட்சிக்கு வருவது குறைந்தபட்சம் ஏற்கக்கூடியதோ அவருக்கு 2 எழுதினால், அடையாளமும் காட்டியாகிவிடும், அதிகாரத்தைத் தீர்மானிப்பதிலும் பங்கெடுத்தாகிவிடும். முதல் எண்ணிக்கையில் வெற்றி கிட்டாத நெருக்கமான தேர்தலில், 226,343 சீட்டுகளில் உள்ள 2 கள் பேரம் பேசக்கூடிய ஒரு சொத்து. எந்த வேட்பாளரும் அதற்காகத் தமிழ் மக்களிடம் வந்து எழுத்தில் ஏதாவது கொடுத்தாக வேண்டிய நிலை உருவாகியிருக்கும். 1982 இல் தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலம் 173,934 வாக்குகள் பெற்றபோது ஜே.ஆர். ஜயவர்தன முதல் எண்ணிக்கையிலேயே 52.91 சதவீதத்தோடு வென்றுவிட்டார், அந்தச் சீட்டுகளைத் திருப்பிப் பார்க்க அவசியம் வரவில்லை. 2024 இல் அவசியம் வந்தது. ஆனால் நாடு முழுவதும் கைமாறிய மொத்தமே 273,131.

இதில் யாரைக் குறைசொல்வது என்று கேட்டால், வாக்காளரை அல்ல என்பேன். சங்கா தொலைபேசியா என்று மக்களை ஒரே பக்கத்தில் நிற்கச் சொன்னவர்கள், இரண்டையும் ஒரே சீட்டில் எழுதலாம் என்பதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோயிருக்க வேண்டும். மலையகத்திலும் இதே கதை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடு, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடு. லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள் சிலிண்டருக்கும் தொலைபேசிக்குமாகப் பிரிந்தார்கள். ஒருவர் சீட்டில் மற்றவர் 2 ஆக இருந்திருக்கலாம்.

நவம்பர் காட்டியது

அப்புறம் எட்டு வாரத்தில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது, நவம்பர் 14. செல்லுபடியான வாக்குகள் 11,148,006 ஆகக் குறைந்தன, செப்டம்பரைவிட 21 இலட்சத்துக்கும் மேல் குறைவு. வாக்களித்தவர்கள் 68.93 சதவீதம். மொத்தம் இவ்வளவு இறங்கியும், அனுரவின் தேசிய மக்கள் சக்தி 6,863,186 வாக்குகள் பெற்றது. செப்டம்பரில் அவர் பெற்றதைவிடப் பன்னிரண்டு இலட்சத்துக்கும் அதிகம். 61.56 சதவீதம், 225 இல் 159 ஆசனங்கள். 22 தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பைத் தவிர 21 இல் முதலிடம். சஜித்தின் கட்சி 43 இலட்சத்திலிருந்து 1,968,716 க்கு இறங்கியது.

யாழ்ப்பாணத்தில் நடந்தது எல்லோரையும் திகைக்க வைத்தது. செப்டம்பரில் 27,086 ஆக இருந்த அனுர தரப்பின் வாக்கு நவம்பரில் 80,830 ஆயிற்று. 24.85 சதவீத வாக்கோடு 6 ஆசனங்களில் 3. நான்கில் ஒரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனம் எப்படி என்று கேட்கலாம். மாவட்டத்தில் முதலிடம் வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. 5 சதவீதம் எட்டாத கட்சிகளின் வாக்குகள் ஆசனக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பல துண்டுகளாகப் போட்டியிட்டதில் அப்படிக் கழிந்துபோன வாக்குகள் ஏராளம். இங்கே கைமாறும் ஏற்பாடே கிடையாது, துண்டாகிய வாக்கு துண்டாகியதுதான்.

இந்தத் தாவலைப் பலர் "வென்றவர் பக்கம் சாய்வது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் உண்மை உண்டு. ஜனாதிபதி யார் என்று தெரிந்தபின் வரும் பாராளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி பெருகுவது 2010 இலும் 2020 இலும் நடந்ததுதான். எதிர்த்தரப்பு வாக்காளரில் பலர் சோர்ந்து வீட்டிலேயே இருந்துவிட்டதும் உண்மை. ஆனால் பன்னிரண்டு இலட்சம் கூடுதல் வாக்குகள் வீட்டில் இருந்தவர்களால் வராது. செப்டம்பரில் வேறு யாரையோ முதலில் விரும்பியவர்களில் ஒரு பெரும் பகுதிக்கு அனுர ஒரு ஏற்கக்கூடிய இரண்டாம் தெரிவாக இருந்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

இதற்கு எதிராக ஒருவர் சொல்லலாம்: எண் எழுதியவர்களில் 61 சதவீதம் பேர் சஜித்தைத்தானே எழுதினார்கள்? ஆம். ஆனால் அவர்கள் 33 இலட்சத்தில் வெறும் 8 சதவீதம், பெரும்பாலும் யாரைத் தடுக்க வேண்டும் என்ற தெளிவோடு சாவடிக்குப் போனவர்கள். மற்றவர்கள் அவ்வளவு அழுத்தமாக யாருக்கும் எதிராக இல்லை. 2022 இல் எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நாட்கணக்கில் நின்று, அந்த ஜூலையில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடியதைப் பார்த்த மக்கள் இவர்கள். 2019 இல் 3.16 சதவீதம் பெற்ற ஒருவரை ஐந்தே ஆண்டில் 42 சதவீதத்துக்குத் தூக்கியது அந்த அனுபவம். பழைய கட்சிப் பற்று அவிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், கட்சிக்காரர் "எங்களுக்கு மட்டும் போடு" என்று சொன்னதைச் செப்டம்பரில் கடைசியாக ஒரு தடவை கேட்டார்கள். நவம்பரில் கேட்கவில்லை.

இனி

செய்யக்கூடியவை உண்டு. சீட்டில் 1, 2, 3 க்குத் தனித்தனிக் கட்டங்கள் அச்சிட்டால் எங்கே என்ன எழுதுவது என்ற குழப்பம் பாதி குறையும். 2000 முதல் 2021 வரை லண்டன் நகரத் தலைவர் தேர்தலில் முதல் தெரிவுக்கு ஒரு நிரல், இரண்டாம் தெரிவுக்கு ஒரு நிரல் என்று இரண்டே நிரல்களோடு கிட்டத்தட்ட இதே முறையை நடத்தினார்கள். தமிழிலும் சிங்களத்திலும் பாராளுமன்ற விருப்பு வாக்குக்கு ஒரு பெயர், ஜனாதிபதித் தேர்தலின் வரிசை வாக்குக்கு வேறு பெயர் என்று பிரித்துவிடலாம். "மாற்று வாக்கு" என்று சொன்னாலே பாதி விளங்கிவிடும். சீட்டின் வடிவத்தை மாற்ற சட்டம் வேண்டும், பெயரை மாற்றச் சட்டம்கூட வேண்டாம்.

தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பே கட்சிகள் தங்கள் இரண்டாம் தெரிவு யார் என்று அறிவிப்பதும், அதற்கு ஈடாக என்ன வாங்கினோம் என்று மக்களுக்குச் சொல்வதும் இதைவிடப் பெரிய மாற்றமாக இருக்கும். தமிழ்க் கட்சிகள் இதில் முதலில் இறங்கலாம், அவர்களுக்கு இழக்க எதுவும் இல்லை.

ஆனால் அடுத்த வாய்ப்பு வருமா என்பதே உறுதியில்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதியிடம் ஆட்சி அதிகாரம் இருக்கும் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்பது தேசிய மக்கள் சக்தியின் தேர்தல் வாக்குறுதி, அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு பாராளுமன்றத்தில் அவர்களிடம் இருக்கிறது. அது நடந்தால், 2024 செப்டம்பர் 22 மாலையில் மாவட்ட எண்ணும் நிலையங்களில் அலுவலர்கள் கட்டுக்கட்டாகப் பிரித்து 2 ஐத் தேடிய அந்தச் சில மணி நேரமே இலங்கை வரலாற்றின் முதலாவதும் கடைசியுமான இரண்டாவது எண்ணிக்கையாக இருக்கும்.